பால்சாமி ஏறும் வரை

நூர்பானு டீச்சரைப் பற்றி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இரண்டு கதைகள் உலவுகின்றன. செய்முறைத் தேர்வு நாளன்று தேர்வாளரின் காரைச் சைக்கிளில் துரத்திப் பிடித்தார் என்பது ஒன்று. அதே தேர்வாளரைத் தரையில் உட்கார வைத்து டிக்கெட் கொடுத்தார் என்பது மற்றொன்று. முதல் கதை முக்கால்வாசி உண்மை. இரண்டாவதில், உட்கார வைத்ததும் டிக்கெட் கொடுத்ததும் அவர் அல்ல, ஏழு வயதுப் பையன் ஒருவன். மற்றபடி அது முழு உண்மை.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எழுத்தராக இருந்தேன். தேர்வாளர் போகும் இடமெல்லாம் மதிப்பெண் தாள்களோடு கூடவே போவது என் வேலை. கதை சொல்பவர்களில் அன்று அங்கே இருந்தவர்கள் குறைவு. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூர்பானுவின் அத்தா அபுபக்கர், ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கயிறு, வாளி, சாக்கு விற்கும் கடை வைத்திருந்தார். 1986இல் மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தபோது உறவினர்கள் கூடிப் பேசினார்கள். கடையநல்லூரில் இருந்த மாமு, தம் மகனுக்கு நூர்பானுவைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அபுபக்கர் வியாபாரி. இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு முடிவு சொன்னார். பிள்ளை இரண்டு வருடம் படிக்கட்டும். தேறினால் வேலைக்குப் பதிந்துவைக்கலாம். தவறினால் மறுபடி எழுதுவது என்ற பேச்சே கிடையாது, நேரே நிக்காஹ். மாமு உடனே ஒப்புக்கொண்டார். மருமகள் தேற மாட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த மாப்பிள்ளை மேல் நூர்பானுவுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது என்பது மட்டுமே குறை. "அவுகளே பேசிக்கிட்டிருந்தா நான் எப்ப சார் பேசுறது?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். பயிற்சிப் பள்ளியில் சேர இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேட்டதில்லை.

ராஜபாளையத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போனார். காலையில் அந்தப் பேருந்தில் மில் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் நெரியும். பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் இருளம்மாள் என்ற கீரைக்காரி ஏறுவார். அவர் ஏறுவது ஒரு திருவிழா. முதலில் கூடை, பிறகு இன்னொரு கூடை, பிறகு கீழே விழுந்த கீரைக்கட்டு, பிறகு அவர். அதுவரை கண்டக்டர் விசில் ஊத மாட்டார். கோர்ட்டுக்குப் போகிற ஒருவர் ஒருநாள் பொறுமை இழந்து, ஒரு கீரைக்காரிக்காக அறுபது பேர் காத்துக் கிடக்கணுமா என்று சத்தம் போட்டார். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவியளுக்கும் ஒங்களுக்கும் டிக்கெட் ஒரே வெலதானய்யா. செத்த நேரம் இருங்க."

மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோன இந்தப் பேச்சை நூர்பானு மறக்கவில்லை. அவருடைய கல்விக் கொள்கை முழுவதும் இதிலிருந்து வந்தது.

கல்விக் கொள்கை என்று சும்மா சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவியும் 'நான் எத்தகைய ஆசிரியராக இருப்பேன்' என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அவற்றை வாங்கி அடுக்கிவைத்தவன் நான். பெரும்பாலானவை ஒரே கட்டுரை. முன்னொரு வருடம் யாரோ எழுதியதை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்து எழுதி வந்தார்கள். அதில் வரும் வெளிநாட்டு அறிஞர் ஒருவரின் பெயரில் இருந்த பிழைகூட மாறாமல் வந்துகொண்டிருந்தது. நூர்பானுவின் கட்டுரை அரைப்பக்கம். பேருந்தில் கெட்டிக்காரப் பயணிகளை மட்டும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், மற்றவர்கள் வழியிலேயே மடவார்வளாகத்தில் இறங்கிக்கொள்ளட்டும் என்று எந்தக் கண்டக்டரும் சொல்வதில்லை, வகுப்பில்தான் அப்படிச் செய்கிறோம் என்று தொடங்கியிருந்தார். ஒரு பிள்ளை இல்லாமலும் ஒரு பாடம் நன்றாக நடக்கிறது என்றால் அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்காக நடக்கவில்லை என்று பொருள். ஆகவே எந்தப் பிள்ளை வராவிட்டாலும் நடக்க முடியாதபடி பாடம் நடத்துவேன் என்று முடித்திருந்தார்.

விரிவுரையாளர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'இது கல்விக் கொள்கையா, பேருந்து கால அட்டவணையா? அறிஞர் ஒருவரையாவது மேற்கோள் காட்டவும்.' அதன் கீழே நூர்பானு நீல மையில் பணிவாகப் பதில் எழுதியிருந்தார்: 'கண்டக்டரை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.'

கற்பித்தல் பயிற்சிக்கு அவரை அனுப்பிய பள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்குக் கோடியில் இருந்த ஓர் உதவிபெறும் தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியை ஞானபாக்கியம். நல்லவர். பிள்ளைகளை அடிக்க மாட்டார், மழைக்காலத்தில் தம் வீட்டுக் குடைகளைக் கொடுத்து அனுப்புவார். அவருக்கு இருந்த ஒரே நோய் இன்ஸ்பெக்‌ஷன்.

அதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு வந்த ஓர் அதிகாரி மூன்றாம் வகுப்பில் புகுந்து, தயங்காமல் என்னிடம் ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "எப்ப சார் போவீங்க?" என்று கேட்டான். மதியமே கிளம்ப வேண்டிய அதிகாரி சாயங்காலம் வரை இருந்து பீரோ பீரோவாகத் திறந்து பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் பார்வையிட வந்தாலும், பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் பதில் சொல்லிவிடக்கூடிய பிள்ளைகளும் காலையிலேயே ஆயா செல்லத்தாயோடு வெளியே அனுப்பப்படுவார்கள். பொரிகடலை உண்டு, சில நாள் சுண்டலும் உண்டு. பிள்ளைகள் இதற்கு 'மக்கு டூர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஞானபாக்கியம் டீச்சர் எதிர்பாராதது என்னவென்றால், அந்த டூருக்குப் பிள்ளைகளிடம் பெரிய கிராக்கி. இன்ஸ்பெக்‌ஷன் என்று காதில் விழுந்ததும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடத் திடீரென்று வாய்ப்பாட்டை மறந்துபோவார்கள். வாத்தியார்கள் அவர்களை அதட்டி மறுபடியும் கெட்டிக்காரர்கள் ஆக்க வேண்டியிருந்தது.

நூர்பானுவுக்குக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு. அதில் மக்கு டூருக்கு நிரந்தர உறுப்பினர்கள் நால்வர். ஆறு என்று சிலர் சொல்வது தவறு.

சங்கிலிப்பாண்டிக்கு உட்கார வராது. உட்கார வைத்தால் எழுந்துவிடுவான், நிற்க வைத்தால் நடந்துவிடுவான். மைதீன் பிச்சைக்குக் காது சரியாகக் கேட்காது. குருவம்மாளுக்கு வீட்டில் தெலுங்கு. தமிழ் புரியும், ஆனால் வாயில் வராது. பால்சாமிக்கு எல்லாம் வரும், தாமதமாக வரும். கணக்குப் பாடத்தில் கேட்ட கேள்விக்கு அவன் பதில் தமிழ்ப் பாடத்தின் நடுவில் வரும். பதில் சரியாக இருக்கும். கேள்வி என்ன என்பதுதான் அதற்குள் எல்லாருக்கும் மறந்திருக்கும்.

நூர்பானு அங்கே இருந்த வாரங்களில் வகுப்பறையைப் பேருந்து ஆக்கினார். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டார். ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வண்டி வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைக் கூட்ட வேண்டும், இறங்குகிறவர்களைக் கழிக்க வேண்டும். சங்கிலிப்பாண்டி கண்டக்டர், ஏனென்றால் கண்டக்டர் உட்காரக் கூடாது. மைதீன் பிச்சை டிரைவர். அவனுக்கு விசில் கேட்காது என்று மற்ற பிள்ளைகள் ஆட்சேபித்தார்கள். கண்டக்டர்கள் வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள் அல்லவா? அதுபோல பெஞ்சில் தட்டினால் போதும் என்றார் நூர்பானு. பெஞ்சின் அதிர்வு பையனின் முதுகுக்குப் போகும், வண்டி கிளம்பும். குருவம்மாளுக்காகக் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மொழியிலும் கூவினான். "ஏறு, ஏறு. எக்கு, எக்கு." இரண்டாவது வாரத்தில் குருவம்மாள் அவனுடைய தெலுங்கைத் திருத்தினாள். எல்லாரிடமும் சத்தமாக அவள் பேசிய முதல் பேச்சு அது. மூன்றாவது வாரத்தில் தமிழிலேயே திட்டினாள்.

பால்சாமி எப்போதும் கடைசிப் பயணி. அவன் ஏறியதும் வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணுவான். அவன் எண்ணி முடிக்கும் வரை வண்டி எடுக்கக் கூடாது. அதற்குள் மற்ற பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் எண்ணிக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

1988 பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்தது. நூர்பானுவின் பாடக்குறிப்பைப் பார்த்த ஞானபாக்கியம் டீச்சருக்கு முகம் வெளுத்துப்போனது. டிரைவர், கண்டக்டர், முக்கியப் பயணி எல்லாம் டூர் உறுப்பினர்கள். டிரைவராகச் செல்வராணியைப் போடலாமே, வாய்ப்பாடு எல்லாம் ஒப்பிப்பாளே என்று நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே டீச்சர்" என்றார் நூர்பானு.

தலைமை ஆசிரியை அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. சரிம்மா, உன் இஷ்டம் என்றார். நூர்பானு நிம்மதியாகப் போய்விட்டார். ஞானபாக்கியம் டீச்சர் செல்லத்தாயைக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு சிக்கல், எங்கே அனுப்புவது என்பது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியூரிலிருந்து எந்த அதிகாரி வந்தாலும் முதலில் ஆண்டாளைச் சேவிப்பார், பிறகு பால்கோவா வாங்குவார், மூன்றாவதாகத்தான் அரசாங்க வேலை. ஆகவே கோயில் பக்கம் கூடாது, கடைத்தெருவும் கூடாது. ஊருக்கு வெளியே பெருமாள் கோயில் இருக்கும் சின்ன மலைக்கு, அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர், கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். சாதாரண நாளில் காலையில் மலையில் ஆள் இருக்க மாட்டார்கள். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. தேர்வாளர் முத்துராமலிங்கம் முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்கி, ஆண்டாளையும் சேவித்து, பால்கோவாவும் வாங்கி முடித்துவிட்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

முத்துராமலிங்கம் நேரம் தவறாதவர். பாடம் மணி அடிப்பதற்குள் முடியவில்லை என்றால் பயிற்சி மாணவி தேறவில்லை என்று எழுதிவிடுவார் என்று மாவட்டம் முழுக்கப் பெயர். காலை ஏழரைக்கு என்னைக் கூப்பிட்டு, பள்ளி திறக்க நேரம் இருக்கிறதே, மலையில் பெருமாள் இருக்கிறாராமே, பார்த்துவிட்டு வரலாம் என்றார். காரை மலை அடிவாரத்தில் நிறுத்தி, படியேறிச் சேவித்து, நாங்கள் இறங்கி வரும்போது ஒன்பது மணி. பாதிப் படியில் நான்கு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டு, "மடவார்வளாகம் எறங்கு, மடவார்வளாகம் திகு" என்று கூவிக்கொண்டிருந்தான். மர நிழலில் ஆயா ஒருத்தி அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

பள்ளி நாளில் சீருடையோடு மலையில் என்ன வேலை என்று தேர்வாளர் கேட்டார். கண்டக்டர் மரியாதையாக நின்று பதில் சொன்னான்.

"இன்னைக்கு எங்க ஸ்கூலுக்குப் பெரிய சார் வாராவ. அவிய போற வரைக்கும் நாங்க இங்கன இருக்கணும்."

"ஏன், அவர் வந்தா நீங்க ஏன் இருக்கக் கூடாது?"

"நாங்க மக்குல்லா சார்" என்றான் சங்கிலிப்பாண்டி. வருத்தமே இல்லை. ரேஷன் கார்டு வைத்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னான். "இவன் மெதுவா. இவனுக்குக் காது கேக்காது. இவ தெலுங்கு. நான் ஆடிக்கிட்டே இருப்பேன். ஆனா சார், எங்க நூர்பானு டீச்சர் பஸ்ல நான் கண்டக்டரு, இவன்தான் டிரைவரு."

அப்போது எதிலோ யோசனையாக இருந்த பால்சாமி, "ஒம்பது ஏழு அறுவத்தி மூணு" என்றான். யார் எப்போது கேட்டார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

முத்துராமலிங்கம் கோபப்படுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு காரில் ஏறச் சொன்னார். செல்லத்தாய் பதறி எழுந்து, யார் என்ன என்று விசாரித்து, விவரம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளையும் ஏறச் சொன்னார். பின் இருக்கையில் தேர்வாளரும் செல்லத்தாயும் மூன்று பிள்ளைகளும். சங்கிலிப்பாண்டி உட்கார மறுத்து, குனிந்தபடி நின்றுகொண்டே வந்தான். பொரிகடலைப் பொட்டலம் தேர்வாளரின் மடியில் இருந்தது.

இதே நேரத்தில் பள்ளியில் நடந்ததைப் பிற்பாடு ஞானபாக்கியம் டீச்சரே என்னிடம் சொன்னார். நூர்பானு வந்ததும் பிள்ளைகளை எண்ணியிருக்கிறார். விஷயம் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை, அழவும் இல்லை. செல்வராணியை டிரைவர் இடத்தில் உட்கார வைத்து ஒருமுறை நடத்திப் பார்த்தாராம். அந்தப் பெண் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, பேருந்தின் பயன்கள் பத்து என்று ஒப்பிக்கத் தொடங்கியது. கண்டக்டரும் இல்லை, பயணிகள் எங்கே இறங்குவது என்றும் தெரியவில்லை. அவர் கட்டுரையில் எழுதியபடியே, அந்த நால்வர் இல்லாமல் பாடம் நடக்கவில்லை.

தலைமை ஆசிரியை சமாதானம் சொன்னார். வேறு ஏதாவது பாடம், பூவின் பாகங்கள் மாதிரி, நடத்திக்கொள்ளலாம். தேர்வாளர் எந்த நேரமும் வந்துவிடுவார். அவர் வரும்போது மாணவி வகுப்பில் இல்லை என்றால் தேர்வே இல்லை, அப்புறம் கடையநல்லூர்தான் என்று நினைவூட்டினார்.

"பூவப் பத்தி நடத்துனா பாஸாயிருவேன் டீச்சர்" என்றாராம் நூர்பானு. "பொறவு அந்த நாலு பிள்ளைகளும் யாரு பாஸானதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

சொல்லிவிட்டு எதிரே இருந்த கடையில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மலைப் பாதையில் மிதித்துவிட்டார்.

வழியில் எங்கள் கார் எதிரே வந்தது. எங்களுக்கு அவரைத் தெரியவில்லை, புழுதி. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு தலைகளும் ஜன்னலுக்கு வந்து, டீச்சர் டீச்சர் என்று கத்தின. நூர்பானு பார்த்தது இதுதான்: முன்பின் தெரியாத கார், அதற்குள் தம் பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒரு மீசைக்காரர் அவர்களைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். சைக்கிளைத் திருப்பி விரட்டினார். கார் அவ்வளவு வேகமாகப் போகவில்லை, மாட்டு வண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. துரத்திப் பிடித்தார் என்ற கதையில் குறைக்க வேண்டிய கால்வாசி இந்த மாட்டு வண்டிதான்.

சங்கிலிப்பாண்டி டிரைவர் இருக்கையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, ஆள் வருது என்றான். ஓட்டுநர் பழக்கத்தில் நிறுத்திவிட்டார். பின் ஜன்னலில் நூர்பானுவின் முகம் வந்தது.

"யாருய்யா நீங்க? எம்பிள்ளைகள எங்க கொண்டு போறீக?"

முன் இருக்கையிலிருந்து நான் வாயைத் திறப்பதற்குள் தேர்வாளரே பதில் சொன்னார்.

"நான் முத்துராமலிங்கம். உங்க தேர்வாளர்."

நூர்பானு சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. விழுந்தார்.

அடி ஒன்றும் இல்லை. கீழே இருந்தபடியே வணக்கம் சொன்னார். தேர்வாளரும் வணக்கம் சொன்னார். தாமதமாகிறது, நாங்கள் முன்னால் போகிறோம், நீங்கள் வாருங்கள் என்று மட்டும் சொல்லிக் காரை எடுக்கச் சொன்னார்.

பள்ளி வாசலில் ஞானபாக்கியம் டீச்சர் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். காரிலிருந்து முதலில் இறங்கியது பால்சாமி, பிறகு மைதீன் பிச்சை, பிறகு குருவம்மாள், சங்கிலிப்பாண்டி, செல்லத்தாய், கடைசியில் பொரிகடலையோடு தேர்வாளர். டீச்சரின் கையில் இருந்த மாலை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. "நல்ல எடமாப் பாத்துத்தான் ஒளிச்சேன் டீச்சர், இவுக மலையேறுவாகன்னு யாரு கண்டா" என்று செல்லத்தாய் எல்லார் காதிலும் விழும்படி ரகசியம் சொன்னாள்.

நூர்பானு வந்து சேர்ந்ததும் பாடம் தொடங்கியது. புடவையில் புழுதி, கையில் சுண்ணக்கட்டி. வண்டி ராஜபாளையத்தில் நின்றது. தேர்வாளர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பஞ்சு மார்க்கெட் நிறுத்தம் வரும்போது கண்டக்டர் அவர் முன் போய் நின்றான்.

"சார், இது பஸ்ஸுக்குள்ள வருது. நாற்காலி போடக் கூடாது. உள்ள வந்து உக்காருங்க."

ஞானபாக்கியம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சில் இடம் இல்லை. முத்துராமலிங்கம் எழுந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார். சிகரெட் அட்டையில் வெட்டிய டிக்கெட் ஒன்று அவர் கைக்கு வந்தது.

அதன்பின் வகுப்பு என்று சொல்ல முடியாது, நிஜமாகவே வண்டிதான். சத்தம் இருந்தது. பெண்கள் இருக்கையில் ஒரு சண்டையும் இருந்தது. ஆனால் இரண்டு தட்டுக்கு வண்டி நகர்ந்தது, ஒரு தட்டுக்கு நின்றது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கரும்பலகையில் கூட்டலும் கழித்தலும் ஏறின. மடவார்வளாகத்தில் பால்சாமி ஏற வேண்டும். ஏறினான். எண்ணத் தொடங்கினான்.

கரும்பலகையில் இருபத்து மூன்று என்று இருந்தது. செல்வராணி அதையே பார்த்துச் சொல்லிவிட்டாள். பால்சாமி பலகையைப் பார்க்கவில்லை. தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தான். பத்தாவது தலையில் மணி அடித்துவிட்டது.

அந்த மணி எல்லாருக்கும் கேட்டது, டிரைவரைத் தவிர. பாடம் முடியவில்லை. அடுத்த வகுப்பு வராந்தாவில் ஓடுகிற சத்தம் வந்தது. நூர்பானு தேர்வாளரைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நிறுத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அறிவித்து, இருபத்து மூன்று சரி என்று சொல்லியிருந்தால் பாடம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நூர்பானு அப்படிச் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"பாடம் முடிஞ்சதாம்மா?" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"இல்ல சார். பால்சாமி இன்னும் எண்ணி முடிக்கல."

"மணி அடிச்சிருச்சே."

"அடிச்சிருச்சு சார்."

தேர்வாளர் எழுந்திருக்க முயன்றார். கண்டக்டர் தோளைப் பிடித்து அமுக்கினான். "ஸ்ரீவில்லிபுத்தூர் டிக்கெட் எடுத்துட்டு இங்கன எறங்குனா எப்பிடி சார்? செத்த நேரம் இருங்க, ஆள் எண்ணிக்கிட்டிருக்கான்."

முத்துராமலிங்கம் உட்கார்ந்துவிட்டார். பால்சாமி அவர் தலையையும் தொட்டான், ஒருவேளை கொஞ்சம் அழுத்தமாகவே. கடைசியில், "இருவத்தி நாலு" என்றான். ஒன்று கூடுதலாக வருகிறதே என்று செல்வராணி கேட்டதற்குத் தரையைக் காட்டினான். வாசலில் நின்றுகொண்டிருந்த என்னையும் தலைமை ஆசிரியையையும் அவன் எண்ணவில்லை. நாங்கள் ஏறவில்லை, டிக்கெட்டும் வாங்கவில்லை. பெஞ்சில் இரண்டு தட்டு விழுந்தது. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். அந்தப் பையன் எண்ணி முடிக்கவே இல்லை என்றால் என்ன செய்திருப்பீர்கள்? அறிஞர் பெயர் ஏதாவது சொல்லுவார் என்று விரிவுரையாளர் பக்கத்தில் ஆவலோடு நின்றார். நூர்பானு யோசித்து, "கூட நின்னு எண்ணிருப்பேன் சார். மணி நாளைக்கும் அடிக்கும்லா" என்றார்.

அன்று மாலை மதிப்பெண் தாள் என் கைக்கு வந்தது. வகுப்புக் கட்டுப்பாடு, காலக் கட்டுப்பாடு இரண்டு தலைப்புகளிலும் சுழி. சந்தேகத்துக்கு இடமே இல்லாத பெரிய சுழி. மாணவர் பங்கேற்பு என்ற தலைப்பில் முழு மதிப்பெண். குறிப்புரை என்ற இடத்தில், 'பாடம் குறித்த நேரத்தில் முடியவில்லை. தேர்வாளரும் பயணத்தில் இருந்தமையால் தேர்ச்சி மறுக்க இயலாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். வகுப்பில் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் நூர்பானு தேறினார். கடையநல்லூர் மாமு, கடைசியிலிருந்து மூன்றாவது என்பது தேர்ச்சியா என்று கேட்டு ஆள் அனுப்பினார். தேர்ச்சியேதான் என்று அபுபக்கர் கடையிலிருந்து பதில் போயிற்று. மாப்பிள்ளைக்குத் தென்காசியில் பெண் அமைந்தது. அந்தப் பெண் அவரைவிட அதிகம் பேசுவார் என்று கேள்வி.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, நூர்பானு ஏழு வருடம் காத்திருந்தார். அந்த வருடங்களில் அத்தா கடையில் உட்கார்ந்து கயிறு அளந்தார், சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1995இல் சேத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ராஜபாளையத்திலேயே கல்யாணமும் ஆனது. கணவர் பிச்சை முகம்மது, மில்லில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர்.

அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு அ, ஆ என்று இரண்டு பிரிவுகள். ஒரே நீள அறையை நடுவில் ஓலைத் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள் அ, மற்றவர்கள் ஆ. நூர்பானுவுக்குக் கிடைத்தது ஆ. அங்கே போய்ப் பத்து நாளில் அவர் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்: தட்டியைக் கரையான் அரித்துவிட்டது, பிள்ளைகள் மேல் விழும் அபாயம் இருந்ததால் அகற்றப்பட்டது, இரண்டு பிரிவுகளும் தற்காலிகமாக ஒன்றாக நடக்கின்றன.

1998இல் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் சேத்தூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனவன் அந்தப் பள்ளிக்கும் போனேன். இரண்டு பிரிவுகளும் மூன்றாவது வருடமாகத் தற்காலிகமாக ஒன்றாகவே நடந்துகொண்டிருந்தன. அறை நிறையப் பிள்ளைகள், காது அடைக்கிற சத்தம். தட்டி, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்திருந்தது. ஓலையையும் மூங்கிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துளை இல்லை. கடையில் அப்போதுதான் வாங்கியதுபோல இருந்தது. கரையானைக் காணோமே என்று கேட்டேன்.

"வந்துரும் சார்" என்றார் நூர்பானு டீச்சர். "மெதுவாத்தான் வரும். நான் கொஞ்சம் முந்தி எழுதிட்டேன்."